தட்டிப் பார், சேஸ் பேசும்

இந்த வாரம் தபால் பையைக் கவிழ்த்தால் கொட்டியது முழுக்கத் துரு! பழைய லாரிக்கு உயிர் கொடுக்க ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறது. சந்தோஷம். பட்டறையில் வளர்ந்தவனிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். வரிசையாக வாருங்கள்.

சங்ககிரி வாசகர்: தாத்தா ஓட்டிய டாடா 1210 கொட்டகையில் நிற்கிறது. முதலில் எதில் கை வைக்கட்டும் மாமா? இன்ஜினா, பாடியா, பெயிண்டா?

தண்ணீர்க் குழாயில் கை வையுங்கள் மாப்பிள்ளை. அடியை நன்றாகக் கழுவுங்கள். முப்பது வருஷச் சேறும் கிரீஸும் இறங்கிய பிறகுதான் உள்ளே இருப்பது இரும்பா, இரும்பின் ஞாபகமா என்று தெரியும்.

அதே வாசகர்: 1210 என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டா?

உண்டு. முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை, 12 டன். அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்குங்கள், 100 குதிரைத்திறன். இது பென்ஸ் கம்பெனியின் கணக்கு.

1954இல் டாடாவின் டெல்கோவும் டெய்ம்லர்-பென்ஸும் கை கோத்து லாரி செய்தன. 1969இல் ஒப்பந்தம் முடிந்தது, முகப்பிலிருந்து பென்ஸ் நட்சத்திரம் இறங்கியது. விருந்தாளி போய்விட்டார், அவர் வைத்த பெயர் வீட்டில் தங்கிவிட்டது.

திருச்சி வாசகி: சேஸா, சேசிஸா, ஷாஸியா? வீட்டில் தினமும் சண்டை.

பிரெஞ்சுச் சொல். இங்கிலீஷ்காரர் ஷாஸி என்பார், நம் பட்டறையில் சேஸ். அடிச்சட்டம் என்று அழகான தமிழும் இருக்கிறது. எழுத்து எப்படி இருந்தாலும் ஆர்.சி. புத்தகத்தில் எண் சரியாக இருக்கட்டும் தங்கச்சி. சண்டையை அதற்குப் போடுங்கள்.

யாழ்ப்பாண வாசகர்: நாங்கள் லொறி என்கிறோம், நீங்கள் லாரி என்கிறீர்கள். எது சரி?

பாரம் ஏற்றினால் இரண்டும் ஒரே மாதிரிதான் முனகும்!

ராசிபுரம் வாசகர்: சேஸ் நல்லா இருக்கு என்று புரோக்கர் சத்தியம் செய்கிறார். நம்பலாமா?

புரோக்கர் பேசட்டும், சேஸும் பேசட்டும். சேஸைப் பேச வைக்க ஒரு சின்னச் சுத்தியல் போதும். நீள உத்தரம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று மணி அடிக்கும். உள்ளே அரித்த இடம் ‘டப்’ என்று பானை மாதிரி ஒலிக்கும்.

அடுத்து ரிவெட். தலையைச் சுற்றிக் குங்குமம் இட்டது போல் செம்பொடி இருந்தால் அந்த ரிவெட் தளர்ந்துவிட்டது. உள்ளே உரசி உரசி அரைந்த இரும்புத் தூள்தான் அப்படி வெளியே வருகிறது. அந்தப் பொட்டு மங்கலம் இல்லை.

பளபளவென்று புதுக் கறுப்பு பெயிண்ட் அடித்த சேஸ் என்றால் இரட்டிப்பு ஜாக்கிரதை. விற்கும்போது அலங்காரம் எதற்கு என்று கேட்டு, பத்து இடத்தில் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

ஓமலூர் வாசகர்: விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்கேன் எடுக்கும் வசதியும் இல்லை.

மண்ணெண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் இருக்கிறதா? சந்தேகமான இடத்தைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவுங்கள். கொஞ்ச நேரம் ஊறட்டும். பிறகு துடைத்துக் காயவைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் ஒளிந்திருந்த எண்ணெய் மெல்ல மேலேறி, வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடு இழுக்கும்.

ரயில்வே பட்டறைகளில் அந்தக் காலத்தில் அச்சு விரிசல் பார்த்த முறை இதுதான். இன்று ‘டை பெனட்ரன்ட்’ என்று டப்பாவில் விற்பதும் இதன் பேரப்பிள்ளையே.

எங்கே தேடுவது? கமான் பட்டை தொங்கும் பிராக்கெட்டின் ஓரம், கிராஸ் மெம்பர் வந்து சேரும் மூலை, கேபினுக்குப் பின்பக்கம். சுமையும் முறுக்கும் வந்து கூடுகிற முச்சந்திகள் இவை.

பவானி வாசகர்: விரிசல் கிடைத்தது. அப்படியே மேலே வெல்டிங் இழுத்துவிடலாமா?

கூடாது. கூடாது. கூடாது.

விரிசலின் முனை ஊசி மாதிரி. இழுவிசை எல்லாம் அந்த ஊசியில்தான் குவியும். அதனால் கண்ணுக்குத் தெரியும் முனையைக் கொஞ்சம் தாண்டி ஒரு சிறு துளை போடுங்கள். கூர்மை போய் வட்டம் வந்தால் விரிசல் அங்கே நிற்கும். கோபக்காரரின் பேச்சு முற்றும் இடத்தில் ஒரு டம்ளர் மோர் நீட்டுவது மாதிரி.

அதன்பிறகு விரிசலை வி வடிவில் கிரைண்டரால் தோண்டி, ஈரமில்லாமல் சூடாக்கிய லோ ஹைட்ரஜன் ராடு கொண்டு அடிவரை நிரப்ப வேண்டும். ராடில் ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் உள்ளே போய், வெல்டிங் ஆறிய பிறகு பக்கத்திலேயே புது விரிசலைத் திறக்கும். மழையில் நனைந்த ராடு பாக்கெட்டை கிரில், கேட் வேலைக்கு அனுப்பிவிடுங்கள். சேஸுக்கு வேண்டாம்.

அதே ஊர், இன்னொருவர்: மேலே ஒரு பட்டா வைத்து நாலு பக்கமும் வெல்டு செய்தால் பலம்தானே?

பட்டாவின் முனையைச் செங்குத்தாக வெட்டி, சேஸின் குறுக்கே வெல்டு செய்தால் அந்தக் கோட்டிலேயே சேஸ் உடையும். பலமும் பலவீனமும் திடீரென்று சந்திக்கிற எல்லைக்கோடு அது. முனைகளைச் சாய்த்து வெட்டுங்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்கே வெல்டு விழவே கூடாது.

தாராபுரம் வாசகர்: விளிம்பில் துளை போடக்கூடாது என்கிறார் எங்கள் மேஸ்திரி. நடுவில் மட்டும் போடலாமாம். இது என்ன சாஸ்திரம்?

உங்கள் மேஸ்திரிக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுங்கள். சுமை ஏறினால் சேஸ் வளையும். மேல் விளிம்பு நசுங்கும், கீழ் விளிம்பு இழுபடும், நடுப்பகுதி ஏறக்குறைய நிம்மதியாக இருக்கும். வீட்டு உத்தரத்தில் துளை போட நேர்ந்தால் தச்சர் நடுவில் போடுவதும் இதனால்தான். அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை, மரத்திடம் படித்தார்.

கோவை பொறியியல் மாணவர்: ‘சி’ வடிவச் சேனலின் திறந்த பக்கத்தைத் தகட்டால் மூடிப் பெட்டி ஆக்கினால் இன்னும் உறுதியாகுமே அங்கிள்?

தம்பி, ஒரு முழு மூங்கிலை எடுத்து முறுக்கிப் பார். அசையாது. அதையே நெட்டுக்கு ஒரு கோடு பிளந்துவிட்டு முறுக்கு. வளைந்து கொடுக்கும். லாரி சேஸ் பிளந்த மூங்கில்.

காரணம் இருக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் ஒரு சக்கரம் மேட்டில், ஒரு சக்கரம் பள்ளத்தில். சேஸ் கொஞ்சம் முறுகிக் கொடுத்தால்தான் நாலு சக்கரமும் மண்ணைத் தொடும். நீ பாதியை மட்டும் பெட்டியாக்கினால் முறுக்கு முழுவதும் மிச்சப் பாதிக்குப் போய், பெட்டி முடிகிற இடத்தில் பிளக்கும். புதிதாக வரையும்போது பெட்டி வரை. பழையதில் வேண்டாம்.

பெருந்துறை வாசகர்: ரிவெட்டை எடுத்துவிட்டு போல்ட் போடலாமா?

போடலாம், ஆனால் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிற போல்ட் வேண்டாம். ரிவெட் அடிக்கும்போது உருண்டு திரண்டு துளை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். சாதா போல்ட் துளைக்குள் ஆடும். ஆட்டம் துளையை முட்டையாக்கும். துளையை ரீமர் போட்டுச் சீராக்கி, கச்சிதமாக இறங்குகிற போல்ட் போடுங்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் இருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட் முகவரி இல்லாத மாப்பிள்ளை, பெண் கொடுக்காதீர்கள்.

பல்லடம் வாசகர்: லாரி நேராகப் போகாமல் நண்டு மாதிரி சாய்ந்து போகிறது. அலைன்மென்ட் மூன்று முறை பார்த்தாயிற்று.

சக்கரத்தைப் பார்த்தீர்கள், சட்டத்தைப் பார்த்தீர்களா? எப்போதோ மோதியதில் ஒரு பக்க உத்தரம் பின்னே தள்ளப்பட்டு, செவ்வகம் சாய்சதுரமாகியிருக்கும்.

கண்டுபிடிக்க ஒரு தூக்குக் குண்டு போதும். சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் கமான் பின்களிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். வண்டியை நகர்த்திவிட்டுக் குறுக்கே, எக்ஸ் மாதிரி அளவெடுங்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக வந்தால் சட்டம் சரி. வராவிட்டால் நீங்கள் தேய்த்த டயர்களுக்கெல்லாம் காரணம் கிடைத்துவிட்டது. அளவெடுக்காமல் பிரித்துப் போடுகிறவர் அதே கோணலைப் புது போல்ட் போட்டுத் திரும்ப மாட்டுவார்.

நாகப்பட்டினம் வாசகர்: வேதாரண்யத்தில் உப்பு லோடு அடித்த லாரி. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் ஆறே மாதத்தில் கொப்புளம்.

உப்பை உள்ளே வைத்து மூடியிருக்கிறீர்கள். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தொட்டால் உப்பு தானாகவே நீர்விடும். உங்கள் கடலோரத்தில் பல நாள் அதிகாலை அப்படித்தான். பெயிண்டுக்கு அடியில் ஒவ்வொரு குழியிலும் ஒரு குட்டி உப்பளம் நடக்கிறது.

சுரண்டினாலும் மணல் அடித்தாலும் குழிக்குள் உப்பு தங்கும். நல்ல தண்ணீரில் அழுத்திக் கழுவுங்கள், தேயுங்கள், மறுபடி கழுவுங்கள். ஐஸ் தண்ணீர் சொட்டிய மீன் லாரிக்கும் இதே வைத்தியம்.

தூத்துக்குடி வாசகர்: மணல் பிளாஸ்டிங் மலிவு. செய்யலாமா?

ஆற்றுமணலோ கடல்மணலோ வேண்டவே வேண்டாம். உடைந்த மணலின் சிலிக்காத் தூசு நுரையீரலில் போய்த் தங்கி சிலிகோசிஸ் தரும். அதற்கு மருந்து இல்லை. பிரிட்டன் 1949லேயே விதி போட்டு மணலை விலக்கியது.

நல்ல பட்டறைகள் கார்னெட் கல்தூளோ ஸ்டீல் கிரிட்டோ வைத்திருக்கும். கார்னெட் உங்கள் கடற்கரைச் செம்மணலிலேயே கிடக்கிற பொருள். பிளாஸ்டிங் அடிக்கிற தம்பிக்குக் காற்றுக் குழாய் வைத்த முகமூடி கட்டாயம். மூக்கில் கைக்குட்டை கட்டுவது பாதுகாப்பு ஆகாது. லாரியின் ஆயுளைக் கூட்ட ஒரு பையனின் ஆயுளைக் குறைக்காதீர்கள். இதில் எனக்கு விளையாட்டுப் பேச்சு கிடையாது.

ஆத்தூர் வாசகர்: பிளாஸ்டிங் முடிந்தது. நல்ல நாள் பார்த்துப் பிரைமர் அடிக்கலாம் என்று இருக்கிறேன்.

அதே நாள்தான் நல்ல நாள். நிர்வாணமான இரும்பு ராத்திரி தாண்டினால், துரு வந்து பாய் விரித்துப் படுத்துவிடும்.

விழுப்புரம் வாசகர்: ரெட் ஆக்சைடு என்பது என்ன மாமா? சும்மா பழக்கத்தில் அடிக்கிறோம்.

அதன் செந்நிறம் இரும்பு ஆக்சைடு. துருவின் ஒன்றுவிட்ட அண்ணன்! இனிமேல் மாறாத, சாதுவான அண்ணன். தம்பியை விரட்ட அண்ணனைப் பூசுகிறோம்.

ஆனால் அது மட்டும் போதாது. அது ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. கையில் காசு இருந்தால் எபாக்சி பிரைமர் அடியுங்கள். பழைய ஈயச் செந்தூரப் பெயிண்டைச் சுரண்டுகிறவர்கள் தூசு கிளப்பாமல் ஈரமாக்கித் தேயுங்கள். ஈயம் குழந்தைகளின் மூளைக்கு எமன். அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள்.

சேலம் வாசகர்: டெல்லி இரும்புத் தூண் 1,600 வருஷமாகத் துருப்பிடிக்கவில்லை. அந்த நுட்பத்தில் சேஸ் செய்தால்?

அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உண்டானது என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் ஆர். பாலசுப்ரமணியம் ஆராய்ந்து எழுதினார். ஆனால் பாஸ்பரஸ் கூடினால் எஃகு நொறுங்கும் குணம் பெறும். தூணுக்கு நின்றால் போதும். உங்கள் லாரி தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்க வேண்டும்.

அரவக்குறிச்சி வாசகர்: இரட்டைச் சேனல் சேஸ். இரண்டு தகடுகளும் நடுவில் வீங்கிப் பிரிந்து நிற்கின்றன. யார் வளைத்தது?

துரு. இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகட்டுக்கு நடுவே ஈரம் புகுந்தால், உள்ளேயே துரு வளர்ந்து தகட்டை நெம்பித் தள்ளும். சுவர் இடுக்கில் விழுந்த ஆலம் விதை மாதிரி. வெளியே பெயிண்ட் அடித்துப் பயனில்லை. ரிவெட்டை எடுத்துப் பிரித்து, இரண்டு முகத்தையும் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து மறுபடி சேர்ப்பது ஒன்றே வழி. செலவுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குளித்தலை வாசகர்: வேஸ்ட் ஆயிலை அடியில் அடித்துவிட்டால் துரு வராதாமே?

துரு வராது, ரப்பர் புஷ் ஊறி உப்பும், பிரேக் ஹோஸ் கெடும், அடுத்த முறை வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும், சொட்டியது உங்கள் கிணற்றுக்குப் போகும். ஒன்றை விரட்ட நாலை அழைக்காதீர்கள்.

மணப்பாறை வாசகர்: கமான் பட்டைகளைப் பிரித்துவிட்டேன். யூ போல்ட் நன்றாகவே இருக்கிறது. திரும்பப் போடலாமா?

யூ போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும். பார்வைக்கு ஆரோக்கியம், பிடியில் முதுமை. புதிது போடுங்கள். முதல் லோடு அடித்து வந்ததும் மறுபடி இறுக்குங்கள். அது தளர்ந்தால் சென்டர் போல்ட் முறியும், அச்சு நகரும், பிறகு பல்லடத்து நண்பர் போல நண்டு ஓட்டம்தான்.

திண்டுக்கல் வாசகி: சின்ன வயதில் கேபினே இல்லாத வெறும் லாரியை ஒருவர் ஓட்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். கனவா, நிஜமா?

நிஜம் அம்மா, நிஜம்! நானும் ரோட்டோரம் நின்று வாய் பிளந்தவன்தான். கம்பெனி விற்றது சேஸை. இன்ஜின், ஸ்டியரிங், சக்கரம் அவ்வளவுதான். மேலே ஒன்றும் கிடையாது. டிரைவர் கட்டிவைத்த ஓர் இருக்கையில் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மழையும் வெயிலும் பூச்சியும் முகத்தில் அறைய நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வருவார். எண்ணூரில் லேலண்ட், ஜாம்ஷெட்பூரில் டாடா. அங்கிருந்து நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று பாடி கட்டும் பட்டறைகளுக்கு வரும். பஸ் என்றால் கரூர்.

அந்தக் காட்சியில்தான் என் மனசு லாரியைப் புரிந்துகொண்டது. பாடி என்பது சட்டை. மரத்தில் தைக்கலாம், தகட்டில் தைக்கலாம், பத்து வருஷத்தில் கிழிந்தால் வேறு தைக்கலாம். ஒரே சேஸ் ஆயுளில் மூன்று பாடி கண்டிருக்கும். சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்தார்கள் என்பார்களே, லாரி உலகத்தில் அதைச் செய்வது சேஸ் ஒன்றுதான்.

ஈரோடு வாசகர்: சேஸில் அச்சடித்த எண் துருவில் மங்கிவிட்டது. அழுத்தமாக நாமே திரும்பக் குத்திவிடலாமா?

சுத்தியலைக் கீழே போடுங்கள்! அந்த எண்தான் உங்கள் லாரி. மற்றதெல்லாம் உதிரி. நீங்களாகக் குத்தினால் திருட்டு வண்டி என்ற சந்தேகத்துக்கு நீங்களே சாட்சி ஆவீர்கள். அந்த இடத்தில் கிரைண்டரும் பிளாஸ்டிங்கும் பட வேண்டாம். கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்துப் படமெடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள். சேஸையே மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் பிரியுங்கள்.

சென்னை வாசகர்: ஐம்பது வயது தாண்டிய லாரிக்கு ‘விண்டேஜ்’ நம்பர் பிளேட் வாங்கி மாட்ட ஆசை.

2021இல் வந்த விதி, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு மட்டும். உழைத்த லாரிக்கு அதில் இடமில்லை. காரில் சவாரி போனவர் பாரம்பரியம், நெல் சுமந்தவர் பழைய இரும்பு என்று பிரித்தது நியாயமில்லை. நாட்டின் சோற்றைச் சுமந்த வண்டிக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. சங்கங்கள் கேட்க வேண்டும்.

சரக்கு ஏற்றி ஓட்டுவதானால் எட்டு வயதுக்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி. மறக்காதீர்கள்.

ஆரணி வாசகி: என் வீட்டுக்காரர் லாரிக்குச் செலவழிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இதெல்லாம் தேறுமா?

நேரே கேளுங்கள், சேஸைத் தட்டிப் பார்த்தாரா என்று. தட்டி, கழுவி, அளந்துவிட்டுச் செலவழித்தால் தேறும். முதல் மாதமே ஹாரனும் ரிப்பனும் வாங்கியிருந்தால், பணப்பெட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டூர் வாசகர்: டீசல் டேங்க் காலிதான். பக்கத்தில் வெல்டிங் வைக்கலாம் அல்லவா?

காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே இருப்பது ஆவியும் காற்றும். பொறி பட்டால் வெடி. கழற்றித் தூரமாக வையுங்கள். பேட்டரி வயரையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய் அதைப் பொத்தலாக்கும்.

வாழப்பாடி வாசகர், வயது 19: நாளைக்கு வேலை ஆரம்பிக்கிறேன் மாமா. பெரிய ஜாக்கி இரண்டு இரவல் கிடைத்துவிட்டது. ஆசீர்வாதம் பண்ணுங்கள்.

ஆசீர்வாதம் உண்டு, அனுமதி இல்லை. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. உள்ளே ஒரு ரப்பர் வளையம் கசிந்தால் டன் கணக்கில் இரும்பு இறங்கும். செங்கல்லை அடுக்காதே, சொல்லாமல் பிளக்கும். கனமான இரும்பு ஸ்டாண்டு நாலு வாங்கு. சக்கரத்துக்குக் கட்டை வை. வண்டியை உலுக்கிப் பார். அசையவில்லை என்றால் கூட ஓர் ஆளை வெளியே நிறுத்திவிட்டு அடியில் போ.

ஸ்டாண்டு வாங்கியதும் எனக்கு ஒரு கார்டு போடு தம்பி.